வாவிக்கரைக் கல்வீடு

சுவிற்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் கார்ல் யுங், 1922ஆம் ஆண்டிலே சூரிச் வாவியின் கரையில், பொலிங்கன் என்னுமிடத்தில் நிலம் வாங்கினார். மறுவருடம் அவர்தம் அன்னையார் இறந்தார். இரு திங்கள் கழிய, அந்நிலத்தில் வட்டமானதொரு கோபுரம் எழலாயிற்று. குடும்பத்தோடு தங்குதற்கு அவ்வளவே போதுமென எண்ணினார் போலும்! போதவில்லை. 1927, 1931, 1935 என நான்காண்டுக்கொருமுறை வீடு வளர்ந்தது. நடுக்கட்டும், தனித்திருக்க ஓர் அறையும், முற்றமும் சேர்ந்தன.

மின்னொளி அங்கே இல்லை. நீர் இறைத்தும் விறகு பிளந்தும் அம்மேதை வாழ்ந்தார், கல்லுடைக்கவும் கற்றார். நம் கிணற்றடிகளில் அன்றாடம் நிகழ்ந்தது, அங்கே தவமாயிற்று!

இரு கோபுரங்களின் இடையே நடுக்கட்டு மாத்திரம் தாழ்ந்து கிடந்தது. 1955இல் மனைவியார் எம்மா மறைந்தார். ஒடுங்கிக்கிடந்த அப்பகுதி தாமே என யுங் உணர்ந்தார். எண்பது வயதில், அதன்மேல் ஒரு மாடி எழுப்பினார்.