நீர்மேல் உலா: கவிழ்த்தால் கூரை

போன வாரம் கல்வராயன் மலையிலுள்ள கரியாலூர்ப் படகுத் துறையில் நின்றிருந்தோம். மழைக்காலம் முழுக்க வெட்டவெளியில் கிடக்கும் சின்னப் படகை எதைப் போட்டு மூடுவது என்பது கேள்வி.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் இலையுதிர்காலம் வந்தாலே படகுக்காரர்கள் பதறுவார்கள். விரிசலில் தங்கிய நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருத்து, மரத்தையும் பைபரையும் பிளந்துவிடும். கல்வராயன் மலை 2,000 அடி, 3,000 அடி என்று உயர்ந்தாலும் அங்கே அந்தக் கவலை கிடையாது. இங்கே எதிரி ஐப்பசி, கார்த்திகை மழை. அது ஓய்ந்த பிறகு வெயில்.

மழையின் கணக்கு எளிது. ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். நான்கு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள படகு வாய் திறந்து கிடந்தால், பத்து சென்டிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய 600 லிட்டர் பிடிக்கும். அதாவது 600 கிலோ. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்மாவட்டங்களைப் புரட்டியபோது, கல்வராயனுக்கு வடமேற்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அங்கே அப்படி ஒரு படகு கிடந்திருந்தால் மூன்று டன் நீரை ஏந்தியிருக்க வேண்டும். வெளியிலிருந்து அழுத்தும் நீரைத் தாங்கத்தான் படகைச் செய்கிறார்கள். உள்ளே நீரை நிரப்பிக்கொண்டு, தரையில் இரண்டு கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்க அல்ல.

தார்ப்பாய் போட்டால் போதாதா? தட்டையாக விரித்துக் கட்டிய தார்ப்பாய் நடுவில் தொய்ந்து குளமாகும். அந்தக் குளத்தில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், வாரம் பத்து நாளில் புதுக் கொசு பறக்கும். டெங்கு தலைதூக்கும் பருவமும் அதுவே. ஆகவே, படகின் நீளவாக்கில் நடுவே ஒரு கழியை உயர்த்திக் கட்டி, தார்ப்பாயை இருபுறமும் சரிவாக இறக்க வேண்டும். அடியில் காற்று நுழைய இடம் விட வேண்டும். இந்தக் காற்று விஷயத்தை விரிவாகச் சொல்வதாகத்தான் இந்த வாரத்துக்குத் திட்டம். ஆனால் நடுவில் ஹெரோடோட்டஸ் வந்துவிட்டார்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் அந்தக் கிரேக்க வரலாற்றாசிரியர், பாபிலோன் நாட்டில் தாம் வியந்தவற்றுள் நகருக்கு அடுத்தபடியாக வைப்பது அங்கே வந்துபோகும் படகுகளை. வட்டமான படகுகள். முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லை. வடக்கே ஆர்மீனிய நாட்டில் மரக்கிளைகளை வளைத்துச் சட்டம் கட்டி, மேலே தோலைப் போர்த்தி, உள்ளே வைக்கோல் நிரப்பி, சரக்கோடு ஆற்றில் விடுவார்கள். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதையாவது ஏறும். பெரிய படகென்றால் இன்னும் சில கழுதைகள்.

கழுதை எதற்கு? பாபிலோன் வந்து சேர்ந்ததும் சரக்கை விற்பார்கள். சட்டத்தையும் வைக்கோலையும்கூட விற்பார்கள். தோலை மட்டும் கழற்றிக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். ஆற்றின் வேகத்துக்கு எதிராகப் படகைச் செலுத்த முடியாது என்பது காரணம். படகை எங்கே நிறுத்துவது, எதைப் போட்டு மூடுவது என்ற தலைவலியே அந்த வணிகர்களுக்கு இல்லை. நிறுத்திவைக்கப் படகு என்று ஒன்று இருந்தால்தானே!

நம் பரிசலுக்கு இது தூரத்து உறவு. 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துக்கீசியரான டொமிங்கோ பாயஸ், கூடை போன்ற வட்டப் படகுகளில் மக்கள் ஆற்றைக் கடந்ததை எழுதியிருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினைந்து இருபது பேர் ஏறலாம், மாடும் குதிரையும்கூட ஏறலாம் என்கிறார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியப் பரிசலையும் ஆராய்ந்தார், பிரிட்டனின் பரிசல்களையும் ஆராய்ந்தார். வேல்ஸில் தோல் போய்த் துணியும் தாரும் வந்தன. ஒகேனக்கல்லில் தோல் போய் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தன.



துடுப்புப் போட்டவரே பரிசலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து கரையேறுவதை ஒகேனக்கல்லில் பார்த்திருப்பீர்கள். காவிரியில் வெள்ளம் வந்து பரிசலுக்குத் தடை போட்டால், அத்தனையும் கரையில் குப்புறக் கிடக்கும். மேலே விழுந்த மழை வழிந்து ஓடிவிடும். உள்ளே மூங்கில் காயும். ஈரத்திலேயே கிடந்தால் மூங்கில் மக்கும், மண்ணைத் தொட்டால் கறையான் ஏறும். வெயில் கடுமையானால் தார் இளகும். அதனால் கவிழ்ப்பது நிழலில், இரண்டு கற்களின் மேல்.

கடற்கரையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போடுவார்கள். நீர் குடித்த மரம் கனக்கும், காய்ந்தால்தான் மறுநாள் நன்றாக மிதக்கும். பாபிலோனுக்கு வந்த வணிகரின் வித்தைதான், கழுதை மட்டும் இல்லை.

ஆக, தூக்கிப் புரட்ட முடிந்த படகுக்குத் தார்ப்பாய் வீண் செலவு. அதன் அடிப்பாகமே கூரை. பைபர் துடுப்புப் படகுக்கும் இது பொருந்தும். விளிம்பின் கீழே இரு கட்டைகள் கொடுத்து ஒரு சாண் உயர்த்துங்கள். மேலே குறுக்காகக் கயிறு போட்டு இருபுறமும் முளையடித்துக் கட்டுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலின் காற்றை நினைத்துக்கொண்டு முடிச்சுப் போடுங்கள். மழை ஓய்ந்ததும் நிழலுக்கு மாற்றுங்கள். வெயிலில் கிடந்த பைபரைத் தடவிப் பார்த்தால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். அது மேல்பூச்சு வெந்து உதிர்வதன் அடையாளம்.

கல்வராயன் அடிவாரத்துக் கச்சிராயபாளையம் பக்கம் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோமுகி அணையின் முழு மட்டம் 46 அடி, மணிமுக்தா அணைக்கு 36 அடி. கோடையில் நீர் வற்றியபோது நிறுத்திய இடத்திலேயே படகை விட்டுவிட்டால், மழைக்காலத்தில் அந்த இடம் தண்ணீருக்குள் போயிருக்கும். முழு மட்டக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிட்டுப் பிறகு கவிழ்த்துங்கள்.

புரட்ட முடியாத கனத்த மிதிபடகுகளை என்ன செய்வது? அடித்துளையின் அடைப்பானைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை இருக்கும் பக்கம் தாழ்வாகச் சாய்த்து வையுங்கள். இப்போதைக்கு அது போதும். தார்ப்பாய்க்கு அடியில் காற்றோட்டம், கேரளத்து ஆறன்முளையின் பள்ளியோடப் படகுகளுக்குக் கட்டும் கொட்டகை, அவற்றுக்குப் பூசும் மீன் எண்ணெய் எல்லாம் அடுத்த வாரம்.