திருகாணியின் பொன்னிறம்

இரும்புச்சாமான் கடையில் வாங்கிய மஞ்சள் முலாமிட்ட திருகாணிகளை உள்ளங்கையிற் பரப்பிப் பார்த்தால், ஒன்று வெளிர்மஞ்சளாகவும், ஒன்று பொன்னிறமாகவும், மற்றொன்று பச்சையும் ஊதாவும் கலந்து மின்னுவதாகவும் இருக்கக் காணலாம். நிறம் வேறுபடின் தரமும் வேறுபடுமோ என்று வாங்குவோர் ஐயுறுவது இயல்பே.

உருக்குத் திருகாணி துருப்பிடியாதிருக்க, அதன்மீது மின்முலாம் முறையாற் துத்தநாகம் பூசப்படுகின்றது. துத்தநாகம் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். ஆயினும் ஈரக்காற்றில் அதுவும் வெண்பொடி பூத்து விரைவில் அழியும். ஆதலால், முலாமிட்ட திருகாணியைக் குரோமியச் சேர்வை கலந்த அமிலக் கரைசலிற் சிறிதுநேரம் அமிழ்த்துவர். துத்தநாகத்தின் மேற்பரப்புச் சிறிதளவு கரைய, அவ்விடத்தே மெல்லிய குரோமேற்றுப் படலம் உண்டாகின்றது. இத்தகைய முறையொன்றுக்கு 1936இல் அமெரிக்காவிற் காப்புரிமை வழங்கப்பட்டது.

அப்படலத்தின் நிறத்துக்குக் காரணங்கள் இரண்டு. அறுவலுக் குரோமியச் சேர்வையின் இயல்பான மஞ்சள் நிறம் ஒன்று. படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலப்பது மற்றொன்று. மழைநீரில் மிதக்கும் எண்ணெய் வானவில்லாய் ஒளிர்வதும் இவ்வாறே. படலமோ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினும் மெல்லியது. எனவே, அதன் தடிப்பு இம்மியளவு மாறினும் நிறம் மாறிவிடும். அமிழ்த்தும் நேரம், கரைசலின் வெப்பநிலை, அமிலத்தன்மை, அதிற் சேர்ந்துவிட்ட துத்தநாகமும் இரும்பும் ஆகிய யாவும் தடிப்பை மாற்றவல்லன. நூற்றுக்கணக்கான திருகாணிகள் ஒரே சுழற்பீப்பாயில் உருளும்போது எல்லாவற்றையும் கரைசல் ஒரே சீராகத் தழுவுவதில்லை. ஆகவே, சிறிய நிறவேற்றுமையைக் குறையெனக் கொள்ளவேண்டியதில்லை. ஒரு தொகுதி முழுவதும் திடீரென வெளிறிப்போனாற்றான் தொட்டியைச் சோதித்தல் வேண்டும்.

முன்னர் மஞ்சள் நிறம் படலத்தின் தடிப்புக்கு ஓரளவு சான்றாயிருந்தது. அந்நிலை இப்போது மாறிவிட்டது. அறுவலுக் குரோமியத்தை நெடுங்காலம் சுவாசிக்கும் தொழிலாளருக்கு நுரையீரற் புற்றுநோய் உண்டாகக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் மின்சாதனங்களில் அதன் பயன்பாட்டை 2006 யூலை முதலாம் திகதியிலிருந்தும், மோட்டார் வாகனங்களின் துருக்காப்புப் பூச்சுக்களில் 2007 யூலை முதலாம் திகதியிலிருந்தும் கட்டுப்படுத்தியது. அதற்குப் பதிலாக வந்த மூவலுக் குரோமியப் படலம் பெரும்பாலும் நிறமற்றதாகவோ இளநீலமாகவோ தோன்றும். பழைய மஞ்சளை விரும்புவோருக்காக அதற்குச் சாயம் ஏற்றப்படுவதுமுண்டு. சாயம் கண்ணுக்குத்தான் பொன்னிறம். அடியிலுள்ள படலத்தின் வலிமையை அது காட்டாது. வெயிலில் அது மங்கவுங் கூடும்.

ஆதலின், திருகாணியின் தரத்தை அறிய வேறு வழி வேண்டும். 35 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அறையில், நூற்றுக்கு 5 பங்கு உப்புள்ள நீரை மூடுபனிபோலத் தெளித்து, வெண்பொடி தோன்ற எத்தனை மணித்தியாலம் செல்கின்றதெனக் கணிப்பர். பாரந் தாங்கும் இணைப்புக்குத் திருகாணி வாங்குவோர், எத்தனை மணித்தியாலம் அது உப்புநீருக்கு ஈடுகொடுத்தது என்றே விற்போரிடம் கேட்டறிதல் தகும்.