கட்டடங்களில் கணினிவழி நுழைவுக் கட்டுப்பாடும் எச்சரிக்கைக் கண்காணிப்பும்: ஒரு விளக்கம்

முன்னுரை

கோட்டை வாயிலுக்குக் கணையமரமும் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளும் காவலாக இருந்த காலத்தில், வருபவர் யார் என்பதைக் காவலர் கண்ணால் கண்டு முடிவு செய்தார். இன்று வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழக ஆய்வகம் போன்ற இடங்களில் அம்முடிவைப் பெரும்பாலும் ஒரு சிறு மின்சுற்றுப் பலகை எடுக்கிறது. கழுத்தில் அட்டையணிந்து நாள்தோறும் அக்கதவுகளைக் கடக்கும் நம்மில் பலர், அது எதைக் கொண்டு முடிவெடுக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை விளக்குவதும், அது பிழைபடும் இடங்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு மரபுகளின் இணைவு

இவ்விரண்டனுள் மூத்தது எச்சரிக்கை மணியே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் ரசல் போப் 1853இல் மின்காந்தத்தால் இயங்கும் திருட்டு எச்சரிக்கை மணிக்குக் காப்புரிமை பெற்றார். 1857இல் அவ்வுரிமையை வாங்கிய எட்வின் ஹோம்ஸ் அதனை வணிகமாக வளர்த்தார். அட்டைகொண்டு கதவு திறக்கும் முறை இதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே பரவியது.

கணினி இவ்விரண்டையும் ஒன்றாக்கியது. ஒரு கதவில் காந்தமும் அதனை உணரும் தொடர்பியும் பொருத்தப்பட்டுள்ளன எனக் கொள்வோம். கதவு திறந்ததை மட்டும் அத்தொடர்பியால் சொல்ல இயலும். திறந்தது முறையா, மீறலா என்பதைச் சொல்ல இயலாது. சற்று முன் செல்லுபடியாகும் அட்டை காட்டப்பட்டதா, உள்ளிருந்து வெளியேறுவோர் பொத்தானை அழுத்தினரா என்ற செய்திகளோடு ஒப்பிட்ட பிறகே ‘கதவு உடைத்துத் திறக்கப்பட்டது’ என்ற முடிவு பிறக்கிறது. குறித்த நேரத்துக்கு மேல் கதவு சாத்தப்படாவிடின் ‘திறந்தே உள்ளது’ என்ற வேறோர் எச்சரிக்கை எழுகிறது. நடைமுறையில் கண்காணிப்பு அறையை மிகுதியும் அலைக்கழிப்பது இப்பின்னதே. தேநீர் கொண்டு வருபவர் கதவிடுக்கில் செருகிவைக்கும் அட்டைத்துண்டு, திருடனைவிட அதிக எச்சரிக்கைகளைத் தோற்றுவிக்கும். அவற்றைக் கேட்டுக் கேட்டுச் சலித்த பணியாளர், உண்மையான எச்சரிக்கையையும் அதே சலிப்போடு அணைத்துவிடக்கூடும்.

அட்டை என்பது ஓர் எண்

அட்டைப் படிப்பான் மனிதரை அறிவதில்லை. ஓர் எண்ணை மட்டுமே அறிகிறது. ஜான் வீகண்ட் கண்டறிந்த ஒருவகைக் காந்தக் கம்பியை அடிப்படையாகக் கொண்ட அட்டைகளோடு பரவிய 26 பிட் வடிவம் இன்றளவும் பெருவழக்கில் உள்ளது. அதில் 8 பிட்டுகள் நிறுவனக் குறியீடு. 16 பிட்டுகள் அட்டை எண். முதலிலும் இறுதியிலும் ஒவ்வொரு சரிபார்ப்புப் பிட். ஆகவே 256 நிறுவனக் குறியீடுகளும், ஒவ்வொன்றின் கீழும் 65,536 அட்டை எண்களுமே இயலும். மொத்தம் சற்றேறக்குறைய 1 கோடியே 67 லட்சம். இவ்வடிவம் எவர்க்கும் பொதுவானது. எண்களை ஒதுக்கித் தரும் நடுவண் பதிவேடு ஏதுமில்லை. எனவே தொடர்பற்ற இரு நிறுவனங்களின் அட்டைகள் ஒரே எண்ணைக் கொண்டிருப்பது நடக்கக்கூடியதே.

படிப்பானிலிருந்து கட்டுப்பாட்டுப் பலகைக்கு இவ்வெண் இரு கம்பிகளில் செல்கிறது. ஒரு கம்பியில் துடிப்பு வந்தால் 0, மற்றதில் வந்தால் 1. இதில் மறையாக்கம் இல்லை. பலகை படிப்பானைத் திரும்ப வினவும் வழியும் இல்லை. சுவரிலுள்ள படிப்பானைக் கழற்றி அக்கம்பிகளை ஒட்டுக்கேட்பவர், கடந்து சென்ற எண்களையெல்லாம் பெற்றுவிடலாம். 125 கிலோஹெர்ட்சில் இயங்கும் பழைய அண்மை அட்டைகளுள் பலவற்றையும் எளிதில் படியெடுக்கலாம்.

13.56 மெகாஹெர்ட்சில் இயங்கும் அட்டைகள் இதற்கு மாற்றாக வந்தன. ஆயினும் அவற்றுள் பெரிதும் பரவிய மைஃபேர் கிளாசிக், வெளியிடப்படாத தனி மறையாக்க முறையையும் 48 பிட் திறவுகோலையும் நம்பியிருந்தது. 2007 டிசம்பரில் கார்ஸ்டன் நோல், ஹென்றிக் பிளோட்ஸ் ஆகியோர் அம்முறையின் உள்ளமைப்பைப் பெர்லின் மாநாட்டில் வெளிப்படுத்தினர். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனை முழுமையாக உடைத்தனர். அக்கட்டுரை வெளிவராமல் தடுக்க உற்பத்தி நிறுவனமான என்எக்ஸ்பி நீதிமன்றம் சென்றது. 2008 ஜூலையில் நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது. முறையை மறைத்து வைப்பது பாதுகாப்பாகாது என்ற கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. கம்பிவழிக் குறைபாட்டை நீக்க, இருவழித் தொடர்பும் 128 பிட் மறையாக்கமும் கொண்ட ஓஎஸ்டிபி நெறிமுறை உள்ளது. புதிய கட்டடங்களில்கூடப் பழைய இருகம்பி முறையே பொருத்தப்படுவதற்கு விலையும் பழக்கமும் அன்றி வேறு காரணம் இருப்பதாகத் தோன்றவில்லை.

மௌனத்தைக் கண்காணித்தல்

எச்சரிக்கைக் கண்காணிப்பின் நுட்பம் மணியடிப்பதில் இல்லை. மணியடிக்காத நிலையை நம்பலாமா என்பதை அறிவதில் உள்ளது. கதவுத் தொடர்பிக்குச் செல்லும் கம்பியை ஒருவர் குறுக்கே இணைத்துவிட்டால், கதவு திறந்தாலும் சுற்று மூடியதாகவே காணப்படும். இதனைத் தடுக்க, கம்பியின் கடைக்கோடியில் 1,000 ஓம் மின்தடையம் ஒன்று தொடரிணைப்பிலும், தொடர்பியின் குறுக்கே அதே அளவுடைய மற்றொன்றும் இணைக்கப்படுகின்றன. கதவு மூடியிருந்தால் பலகை 1,000 ஓம் காணும். திறந்தால் 2,000 ஓம். கம்பி அறுந்தால் தடை எல்லையின்றி உயரும்; குறுக்கே இணைக்கப்பட்டால் பூச்சியமாகும். இவ்வாறு நான்கு நிலைகள் பிரித்தறியப்படுகின்றன. எனினும் மின்தடையங்கள் தொடர்பிக்கு அருகில் இருந்தால்தான் இது பொருள்படும். வேலை எளிது என்பதற்காக அவற்றைப் பலகையின் பெட்டிக்குள்ளேயே பொருத்திவிடும் பழக்கம் உண்டு. அப்போது ஆய்வின்போது எல்லாம் சரியாகவே தோன்றும். கம்பியோ காவலற்றுக் கிடக்கும்.

இக்கொள்கையே வலையமைப்புக்கும் பொருந்தும். கண்காணிப்பு மையம் ஒவ்வொரு பலகையையும் குறித்த இடைவெளியில் வினவ வேண்டும். விடை வராமையே ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளப்பட வேண்டும்.

முடிவு எங்கே எடுக்கப்படுகிறது?

நன்கு வடிவமைக்கப்பட்ட அமைப்பில் அனுமதிப் பட்டியலின் படி ஒன்று ஒவ்வொரு பலகையிலும் இருக்கும். நடுவண் கணினி செயலிழந்தாலும் கதவு தன் கடமையைச் செய்யும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணிநேரம் முடங்கியபோது, ஊழியர்களின் அட்டைகள் அலுவலகக் கதவுகளில் வேலை செய்யவில்லை எனச் செய்தியேடுகள் எழுதின. பழுதை நீக்கச் செல்வோரையே கதவு தடுப்பது இத்துறையின் விந்தைகளுள் ஒன்று.

தடுக்கும் கதவும் விடுக்கும் கதவும்

கதவுக்கு இரு கடமைகள்: அயலாரைத் தடுத்தல், ஆபத்தில் உள்ளிருப்போரை விடுத்தல். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தனர். ஒன்பதாம் தளத்திலிருந்து வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. 1997 ஜூன் 13 அன்று தில்லி உபகார் திரையரங்கில் 59 பேர் இறந்ததிலும் வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தமைக்குப் பங்குண்டு.

மின்காந்தப் பூட்டு, மின்சாரம் நின்றால் தானே திறந்துகொள்ளும். வேறுவகைப் பூட்டுகள் மின்சாரம் நின்றாலும் பூட்டியே இருக்கும்; எனினும் உள்ளிருப்பவர் கைப்பிடியைத் திருகி வெளியேறலாம். எவ்வகையாயினும், மக்கள் வெளியேறும் பாதையில் தீ எச்சரிக்கை அமைப்பு பூட்டின் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். மென்பொருளின் அனுமதிக்காக அது காத்திருக்கலாகாது. காப்பு மின்கலம் இணைத்த இடங்களில் இது எளிதில் மறக்கப்படுகிறது: கட்டடத்தின் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்கலம் பூட்டை மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும்.

உடலே திறவுகோலாகும்போது

அட்டை மனிதரை அறியாது என்ற குறையை நீக்கவே கைரேகையும் முகமும் பயன்பாட்டுக்கு வந்தன. 2019 ஆகஸ்டில் பயோஸ்டார் 2 என்ற நுழைவுக் கட்டுப்பாட்டு அமைப்பின் தரவுத்தளம் இணையத்தில் காப்பின்றிக் கிடந்ததை ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கைரேகைத் தரவுகள் அதில் இருந்ததாக அவர்கள் அறிவித்தனர். தொலைந்த அட்டையை நீக்கிப் புதிய எண் தரலாம். கைரேகைக்கு அது இயலாது. எனவே ரேகையின் வார்ப்பை நடுவண் கணினியில் குவிக்காமல் அவரவர் அட்டைக்குள்ளேயே மறையாக்கம் செய்து வைத்து, கதவருகே ஒப்பிடும் முறையே ஏற்புடையது. வருகைப் பதிவுக்காக ஆசிரியர், மாணவர் ரேகைகளைத் திரட்டும் கல்வி நிறுவனங்கள், ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் அவ்வார்ப்பு எங்கே சேமிக்கப்படுகிறது, பணியிலிருந்து நீங்கியவரின் வார்ப்பு எப்போது அழிக்கப்படுகிறது என்னும் இரு வினாக்களையேனும் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.