சப்பை முகப் பூனைக்குட்டிக்குத் தானியங்கி லிட்டர் பாக்ஸ்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பெர்ஷியன், ஹிமாலயன், எக்ஸாட்டிக் ஷார்ட்ஹேர் போன்ற சப்பை முகப் பூனைகள் இப்போது நம் வீடுகளிலும் வளர்கின்றன. அடுக்குமாடி வீட்டில் மண் தரை ஏது? குட்டி வந்த முதல் வாரமே நாற்றமும் நஜிஸும் பெரிய கவலையாகிவிடும். உடனே பிள்ளைகள் செல்போனில் காட்டுவது, தானாகவே சுத்தம் செய்யும் லிட்டர் பாக்ஸைத்தான். பல ஆயிரம் ரூபாய் கொடுப்பதற்கு முன் சிலவற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இது குட்டியின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பெரும்பாலானவை உருளை வடிவில் இருக்கும். பூனை வெளியேறிய சில நிமிடங்களில் உருளை சுழலும். கட்டியான கழிவு சல்லடையில் பிரிந்து கீழுள்ள டிராயரில் விழும். பூனை உள்ளே இருப்பதை எடையை வைத்தே பெரும்பாலான இயந்திரங்கள் அறிகின்றன. ஆபத்து இங்கேதான். இரண்டு மாதக் குட்டி சுமார் 1 கிலோகூட இருக்காது. லிட்டர் ரோபோட் 4 போன்ற பிரபலமான இயந்திரமே குறைந்தது 3 பவுண்டு, அதாவது சுமார் 1.4 கிலோ எடை வேண்டும் என்கிறது. அதற்குக் குறைந்த குட்டி உள்ளே இருந்தாலும் இயந்திரத்துக்குத் தெரியாமல் போகலாம். மலிவான சில இயந்திரங்களில், சுழலும் உருளையின் விளிம்பும் வெளிக்கூட்டின் விளிம்பும் கத்தரிக்கோல்போல் நெருங்கும். அதில் கழுத்து சிக்கிப் பூனைகள் இறந்திருக்கின்றன.

எனவே வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். 1 கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்து, இயந்திரம் அதை உணர்கிறதா என்று பாருங்கள். பிறகு சுழலும்போது வாசலில் ஒரு துணிப் பொம்மையை வையுங்கள். உடனே நின்று பின்வாங்காத இயந்திரத்தைத் தயங்காமல் திருப்பி அனுப்பிவிடலாம். சோதனையில் தேறினாலும், குட்டி குறிப்பிட்ட எடையை எட்டும்வரை தானியங்கி முறையை அணைத்து வைத்து, குட்டி வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

அடுத்தது மூச்சு. சப்பை முகப் பூனைக்கு மூக்குத் துவாரம் குறுகியது. கண்ணீர்க் குழாய் வளைந்திருப்பதால் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். மூடிய உருளைக்குள் தூசி பறக்கும் மணலும், வாசனை சேர்த்த மணலும் அதற்குப் பெரும் தொல்லை. வாசல் அகலமான, காற்றோட்டமுள்ள வகையே நல்லது. சோயாவில் செய்யும் டோஃபு மணலில் தூசி குறைவு. ஆனால் உங்கள் இயந்திரத்தின் சல்லடை அதை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கலைக் கடைக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை. இந்த இயந்திரங்களுக்குக் கட்டியாகும் மணல்தான் தேவை. மிகச் சிறிய குட்டிகளோ மணலைத் தின்று பார்க்கும். அது வயிற்றில் கட்டியாகி அடைத்துக்கொள்ளலாம். மூன்று, நான்கு மாதம்வரை சாதாரணத் தட்டும் கட்டியாகாத மணலும் போதும். எங்கள் பார்வையில், இந்த வயதில் இயந்திரம் வாங்க அவசரமே இல்லை.

பூனை அசுத்தமான பிராணி அல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூ கதாதா (ரலி) அறிவிக்கிறார்கள் (அபூதாவூத், திர்மிதீ). ஆனால் அதன் சிறுநீரும் மலமும் நஜிஸ்தான். நீளமுடிப் பூனையின் பின்கால் முடியில் ஈரக் கட்டிகள் ஒட்டிக்கொண்டு முஸல்லாவரை வந்துவிடும். அங்குள்ள முடியைக் கத்தரித்துவிட்டு, பாக்ஸின் வாசலில் ஒரு மிதியடி போட்டு, தொழும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் டிராயரை வேறொருவர் கையுறை அணிந்து காலி செய்ய வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியேறி 1 முதல் 5 நாட்களில்தான் தொற்றும் நிலையை அடைகிறது. வாரம் ஒருமுறை காலி செய்தால் போதும் என்ற விளம்பரத்தை நம்பி விட்டுவிட்டால், கிருமிக்குத் தேவையான அவகாசத்தை நாமே கொடுத்தது போலாகும். தினமும் காலி செய்யுங்கள். அப்போது கழிவையும் ஒரு பார்வை பாருங்கள். பெர்ஷியன் இனத்தில் பரம்பரைச் சிறுநீரக நோய் உண்டு. சிறுநீர்க் கட்டிகள் வழக்கத்தைவிடப் பெரிதாகவோ அதிகமாகவோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மின்சாரம் போனால் இயந்திரம் நின்றுவிடும். பழைய தட்டை எறிந்துவிடாமல் பக்கத்திலேயே வைத்திருங்கள்.