குழியில் விழுந்த விளையாட்டு

மேலிடம் விதிக்கும் கெடு எப்படிப்பட்டது என்று குமாஸ்தாக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதுவோருக்கும் அதே கதிதான்!

1982-ம் ஆண்டில் 'ஈ.டி.' என்ற ஹாலிவுட் படம் சக்கைப்போடு போட்டது. அதை டெலிவிஷன் விளையாட்டாக்க முனைந்தது அமெரிக்காவின் அடாரி கம்பெனி. கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சரக்கு தயாராக வேண்டுமே! மாதக்கணக்கில் பிடிக்கும் வேலைக்கு ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது ஐந்தே வாரம்.

அவரும் முடித்துக் கொடுத்தார். ஆனால் ஆட்டத்தில் வரும் வேற்றுக்கிரகவாசி அடிக்கடி குழியில் விழுந்தான். ஏறினால் மறுபடியும் விழுந்தான். ஆடியவர்கள் அலுத்துப்போயினர்.

விற்காத சரக்கு 1983-ல் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ குப்பைமேட்டில் லாரி லாரியாகப் புதைக்கப்பட்டது. 2014-ல் தோண்டியபோது 'ஈ.டி.'யும் வெளியே வந்தது!

பழியெல்லாம் எழுதியவர் தலையில். கெடு விதித்தவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?