எவ்வழி செல்வோம்?

குடும்பமாகப் பயணம் புறப்படுவதற்கு முந்திய இரவில், எந்த வீட்டிலும் ஒரு விவாதம் எழுவது இயல்பு. குறுக்கு வழியில் சென்றால் விரைவில் சேரலாம் என்பார் ஒருவர். சுற்று வழியில் சென்றால் பிள்ளைகளுக்குக் காட்ட எத்தனையோ உண்டு என்பார் மற்றொருவர். தேர்ந்த வழி தவறாகிப் போனாலும், பெரும்பாலான நாடுகளில் ஓரிரு மணி நேரத் தாமதத்தோடு அது முடிந்துவிடும். ஆனால், ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவெளியில் இதே விவாதம் உயிர்களைப் பற்றிய விவாதமாக மாறிவிடக்கூடும். அந்த விவாதத்தை அன்பு வாசகர்களோடு அமர்ந்து நாமும் ஒருமுறை நடத்திப் பார்ப்போம். பாலைவெளிக்கு ஒருபோதும் போகாதவருக்கும் அதில் பயன் உண்டு.

கடற்கரை நகரங்களைக் கடந்து உள்ளே விரிந்து கிடக்கும் வறண்ட பெருநிலத்தை அந்நாட்டார் ‘அவுட்பேக்’ என்று அழைக்கின்றனர். பள்ளி விடுமுறையில், காருக்குப் பின்னால் ‘கேம்பர்’ என்னும் கூடார வண்டியை மாட்டிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக அங்கே செல்வது அவர்கள் வழக்கம். பார்வைக்குச் சக்கரம் வைத்த பெட்டி போல இருக்கும் அவ்வண்டியைத் தங்குமிடத்தில் விரித்தால் கூடாரமாகிவிடும். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அதற்குள் அடங்கும். ஒரு சிறு இல்லமே பின்னால் உருண்டு வருகிறது எனலாம்.

அடிலெய்டு நகரிலிருந்து நாட்டின் நடுவே உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்கு ஒரு குடும்பம் இவ்வாறு புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தந்தை, தாய், பன்னிரண்டு வயது மகன், ஐந்து வயது மகள், எழுபது வயதுப் பாட்டி என ஐவர். வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் சென்றதும் போர்ட் அகஸ்டா என்னும் ஊர் வருகிறது. அங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது.

தார்ச்சாலை

முதலாவது வழி ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. 1862-ஆம் ஆண்டு கண்டத்தின் தெற்கிலிருந்து வட கடற்கரையை எட்டிய ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்பவரின் பெயரைத் தாங்கியது. போர்ட் அகஸ்டாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை சுமார் 1,220 கிலோமீட்டர். தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் இச்சாலை முழுவதும் தார் இடப்பட்டது 1987-இல்தான். இன்று அது வழவழப்பான நேர்ச்சாலை.

எளிதான வழி என்பதால் ஆபத்தற்ற வழி என்று எண்ணிவிடலாகாது. கிளெண்டாம்போ என்னும் ஊருக்கும் கூபர் பீடிக்கும் இடையே சுமார் 250 கிலோமீட்டருக்கு எரிபொருள் நிலையமே இல்லை. ‘ரோடு டிரெயின்’ எனப்படும் பாரவண்டிகள், பல பெட்டிகளைக் கோத்திழுத்து, 53.5 மீட்டர் நீளம் வரை நீண்டு எதிரே வருகின்றன. அவை விரைந்து கடக்கும்போது எழும் காற்று, பின்னால் வரும் கூடார வண்டியை ஆட்டிவிடும். நெடுந்தூரம் ஒரே நேர்க்கோட்டில் ஓட்டுவதால் ஓட்டுபவருக்குக் கண் அயரும். அந்தி சாயும் வேளையில் கங்காருவும் மாடும் சாலைக்கு வந்துவிடும். ஆகவே, பொழுது சாயுமுன் தங்குமிடம் சேர்ந்துவிடுவது அறிவுடைமை.

காண்பதற்கு ஒன்றுமில்லாத வழியும் அன்று இது. ஓப்பல் என்னும் மணிக்கற்களைத் தோண்டி எடுக்கும் கூபர் பீடியில், கடும் வெயிலுக்கு அஞ்சி மக்கள் நிலத்தைக் குடைந்து வீடு அமைத்து வாழ்கின்றனர். புனித பேதுரு, புனித பவுல் பெயர் தாங்கிய கத்தோலிக்க ஆலயமும் அவ்வாறே நிலத்துக்குள் குடையப்பட்டுள்ளது.

மண்பாதை

இரண்டாவது வழி பழமையானது, அழகும் மிக்கது. போர்ட் அகஸ்டாவிலிருந்து பிளிண்டர்ஸ் மலைத்தொடர் ஓரமாகச் சென்றால் மாரீ என்னும் சிற்றூர் வரும். அங்கிருந்து வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா ஆகிய சிற்றூர்கள் வழியாக மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் மண்பாதை. இதற்கு ஊட்னடாட்டா பாதை என்று பெயர். மார்லாவில் அது மீண்டும் தார்ச்சாலையோடு சேர்கிறது. நெடுஞ்சாலையை விட 200 கிலோமீட்டருக்கும் கூடுதலான சுற்று.

இப்பாதை ஏன் இங்கே அமைந்தது? காரணம் தண்ணீர். நிலத்தடியிலிருந்து தானே பொங்கிவரும் ஊற்றுகள் இவ்வழி நெடுகிலும் வரிசையாக உள்ளன. அவ்வூற்றுகளை அறிந்து பழங்குடி மக்கள் தொன்றுதொட்டு இவ்வழியே நடந்தனர். பின்னர் ஸ்டூவர்ட்டும் ஊற்றுகளைத் தொடர்ந்தே சென்றார். 1872-இல் முடிவுற்ற தந்திக் கம்பியும், 1929-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸை எட்டிய ‘கான்’ இரயில் பாதையும் அவர் சென்ற திசையையே பின்பற்றின. 1980-இல் அந்தப் பழைய இரயில் பாதை கைவிடப்பட்டது. அதன் பாழடைந்த நிலையங்களையும் பாலங்களையும் இன்றும் காணலாம். கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் தாழ்வாக உள்ள ஐர் ஏரி, பெரும்பாலும் உப்புப் பாளமாய் வெண்மையாக விரிந்து கிடக்கும் காட்சியும் இவ்வழியில்தான் கிடைக்கிறது. முன்னோர் யாவரும் வழியைத் தூரத்தால் அளக்கவில்லை, தண்ணீரால் அளந்தனர் என்பதை இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி இவ்வழியின் இடர்களைப் பார்ப்போம். வண்டிகள் ஓடி ஓடி மண்பாதையில் குறுக்கு வரிகளாக மேடும் பள்ளமும் எழுந்துவிடுகின்றன. மணிக்கணக்கில் அதன்மேல் அதிர்ந்து செல்லும்போது முதலில் தளர்வது கார் அன்று, பின்னால் வரும் கூடார வண்டியே. அதன் வில்லும் அச்சும் சக்கர பேரிங்கும் இணைப்புக் கொக்கியும் சோதனைக்கு உள்ளாகின்றன. காரின் சக்கரங்கள் எற்றும் கற்கள் அதன் முகப்பில் மோதுகின்றன. ஓட்டுபவர் காரின் அதிர்வை உணர்கிறார். பின்னால் நிகழ்வதை அவர் அறிவதில்லை. அதனால், டயரின் காற்றைச் சிறிது குறைத்து, வேகத்தையும் குறைத்து, அடிக்கடி நிறுத்தி இறங்கி, சக்கரத்தைத் தொட்டு வெப்பம் பார்த்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது மழை. அரிதாகவே பெய்யினும், ஓரிரவு மழை போதும், களிமண் பாதை சேறாகிவிடும். அரசு பாதையை மூடிவிட்டால் நாட்கணக்கில் காத்திருக்க நேரும். மூடிய பாதையில் வண்டி ஓட்டுவோருக்கு அபராதமும் உண்டு. கோடையோ சொல்லவே வேண்டாம். 1960 ஜனவரி 2-ஆம் நாள் ஊட்னடாட்டாவில் வெப்பம் 50.7 டிகிரி செல்சியசை எட்டியது. ஆகவே மே முதல் செப்டம்பர் வரையிலான குளிர்ந்த மாதங்களே குடும்பங்களுக்கு ஏற்றவை.

இரண்டு பாடங்கள்

மாரீயில் மற்றொரு பாதையும் பிரிகிறது. வடக்கே 517 கிலோமீட்டர் செல்லும் பேர்ட்ஸ்வில் பாதை அது. 1963-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டிய நாட்களில், பெற்றோரும் மூன்று புதல்வருமாக ஐவர் கொண்ட ஒரு குடும்பம் இப்பாதைப் பகுதியில் வழி தவறியது. எரிபொருள் தீர்ந்தது. தண்ணீரும் குறைந்தது. காரை விட்டு அவர்கள் நடந்தனர். ஐவரும் வெயிலில் மாண்டனர். ஒரு குடும்பத்தில் ஒருவர் கூட மிஞ்சவில்லை என்பதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகிறது. வானிலிருந்து தேடுவோர் கண்ணுக்கு முதலில் தென்படுவது வாகனமே. நடந்து செல்லும் மனிதர் அல்லர். என்ன நேர்ந்தாலும் வண்டியை விட்டு அகலாதே என்பது அந்நாட்டில் ஒவ்வொரு பயணிக்கும் சொல்லப்படும் முதல் விதி.

பேர்ட்ஸ்வில் பாதை கூப்பர் என்னும் ஓடையைக் கடக்கிறது. அவ்வோடையின் கரையில், வெகுதூரம் கிழக்கே, ஒரு பழைய மரம் நிற்கிறது. 1861 ஏப்ரல் 21-ஆம் நாள் மாலை, பர்க், வில்ஸ், கிங் என்னும் மூவர் வடகடல்வரை சென்று, பசியால் தளர்ந்து, அங்கே திரும்பி வந்தனர். அவர்களுக்காக நான்கு மாதம் காத்திருந்த குழு அன்று காலையில்தான் புறப்பட்டுச் சென்றிருந்தது. மரத்தடியில் உணவைப் புதைத்து, தோண்டிப் பாருங்கள் என்று மரத்தில் செதுக்கியும் வைத்திருந்தது. மூவரும் உணவை எடுத்துக்கொண்டனர். பிறகு எவ்வழி செல்வது என்ற கேள்வி எழுந்தது. தோழர்கள் சென்ற அறிந்த வழியை விட்டு, தொலைவு குறைவு என்பதால், ஹோப்லெஸ் குன்றுப் பக்கமுள்ள பண்ணையை நோக்கி அறியாத வழியில் செல்ல பர்க் முடிவு செய்தார். தம் திசையைக் கடிதமாக எழுதிக் குழியிலேயே புதைத்தனர். மரத்தின் மேல் புதிய அடையாளம் எதுவும் இடவில்லை. மே 8-ஆம் நாள் தோழர்கள் மீண்டும் வந்து பார்த்தனர். யாரும் வந்த சுவடு தெரியாததால் தோண்டாமலே திரும்பிவிட்டனர். பர்க்கும் வில்சும் ஓடைக்கரையிலேயே இறந்தனர். யாந்த்ருவாந்தா என்னும் பழங்குடி மக்கள் உணவளித்துக் காத்ததால் கிங் ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தார்.

குறுகிய வழி நல்வழியாக இருக்க வேண்டும் என்பதில்லை. செல்லும் திசையைப் பிறர் அறியும்படி சொல்லாமல் செல்வது எவ்வழியையும் தீய வழியாக்கிவிடும். இவ்விரு பாடங்களையும் அந்த மரம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

நம் குடும்பம் இப்போது போர்ட் அகஸ்டாவில் நிற்கிறது. அது தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியவை எவை?

முதலாவது, நம்முள் மெலிந்தவர் யார்? தந்தையின் துணிவையும் மகனின் ஆவலையும் கொண்டு வழியை அளக்கலாகாது. ஐந்து வயது மகளையும், நாள்தோறும் மருந்து உட்கொள்ளும் பாட்டியையும் கொண்டே அளக்க வேண்டும். 1928-இல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை உள்நாட்டு மக்களுக்கு விமானத்தில் மருத்துவரைக் கொண்டு வருகிறது என்பது உண்மைதான். ஆயினும் நாள் முழுதும் குலுங்கிச் செல்லும் பாதையில் மூட்டுவலி உள்ள ஒருவரை ஏற்றிச் செல்வது முறையா என்பதை வீட்டார்தாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வண்டி தாங்குமா? மண்பாதைக்கென்று வலுவாகச் செய்யப்படாத கூடார வண்டிகள் பல உண்டு. பின்னால் பாரம் இழுக்கும்போது எரிபொருள் வெகுவாகக் கூடும். தனியே 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் கார் 18 லிட்டர் குடிக்கும் என்றால், 80 லிட்டர் கொள்ளும் கலம் 660 கிலோமீட்டருக்குப் பதில் 440 கிலோமீட்டரிலேயே வற்றிவிடும். மண்பாதையில் எரிபொருள் கிடைக்கும் இடங்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஓரிடத்தில் எரிபொருள் இல்லையெனில் என்ன செய்வது என்பதையும் முன்னரே எண்ண வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர் எவ்வளவு, எங்கே? ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 5 லிட்டர் என்று கொண்டால், ஐவருக்கு மூன்று நாளைக்கு 75 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் அதுவும் 75 கிலோ பாரமே. அதை ஒரே தொட்டியில் வைத்தால், ஒரு கல் பட்டு ஓட்டை விழுந்தால் யாவும் போய்விடும். ஒரு பகுதியைத் தனிக் கலங்களில் காருக்குள்ளேயே வைத்திருப்பது நலம்.

நான்காவது, நம் வழியை யார் அறிவார்? கைப்பேசி அங்கே பெரும்பாலும் வேலை செய்யாது. செயற்கைக்கோள் வழியாகப் பேசும் தொலைபேசியோ, அபாயச் செய்தி அனுப்பும் கருவியோ கையில் இருக்க வேண்டும். எவ்வழி செல்கிறோம், எந்நாளில் எங்கே சேர்வோம் என்பதை உறவினர் ஒருவரிடம் சொல்லிவிட்டு, சேர்ந்ததும் தெரிவிக்கவும் வேண்டும். இடையில் வழியை மாற்றினால் அதையும் அறிவிக்க வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு

இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை சொன்னால், இக்குடும்பத்துக்குத் தார்ச்சாலையே தக்கது என்று நமக்குத் தோன்றுகிறது. பன்னிரண்டு வயது மகனின் முகம் வாடுமே என்று வாசகர்கள் வருந்தலாம். அவனுக்கும் ஒரு வழி உண்டு. கூபர் பீடியிலிருந்து வில்லியம் கிரீக்குக்குச் சுமார் 165 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மண்பாதை செல்கிறது. கூடார வண்டியைக் கூபர் பீடியில் தங்குமிடத்தில் விட்டு, தாயும் பாட்டியும் மகளும் அங்கே இளைப்பாற, தந்தையும் மகனும் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு, தண்ணீரோடும் எரிபொருளோடும் அவ்வழியே சென்று வரலாம். பின்னால் பாரமில்லாத கார் மண்பாதையில் எளிதாகச் செல்லும். வில்லியம் கிரீக்கிலிருந்து சிறு விமானத்தில் ஏறினால் ஐர் ஏரி முழுவதையும் மேலிருந்தே கண்டு மகிழலாம். ஆசையைத் துறக்க வேண்டியதில்லை. அதன் பாரத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

பழைய ஏற்பாட்டில் யாக்கோபு தம் அண்ணன் ஏசாவைச் சந்தித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. சேர்ந்தே பயணம் செய்வோம் என்று அண்ணன் அழைத்தபோது, பிள்ளைகள் இளையவர்கள், மந்தையில் பால் கொடுக்கும் ஆடுமாடுகள் உண்டு, ஆகவே அவர்களின் நடைக்கு ஏற்பவே மெல்ல வருகிறேன் என்று அவர் விடை கூறினார். நானூறு பேரோடு வந்த அண்ணனின் வேகம் அவரை மயக்கவில்லை. தம்மோடு நடப்பவருள் மிகச் சிறியவரின் காலடியையே அவர் அளவுகோலாகக் கொண்டார்.

அந்த அளவுகோல் பாலைவெளிக்கு மட்டும் உரியதன்று. கடன் வாங்கும்போதும், வீடு மாறும்போதும், பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிக்கும்போதும் நம் இல்லங்களில் இதே கேள்வி எழுகிறது. வலியவர் விரும்பும் வழியா, மெலியவர் தாங்கும் வழியா? அன்று மேசையில் வரைபடத்தை விரிக்கும்போது, மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டியையும் அருகே அழைத்து, "உங்களால் முடியுமா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். அவர் சொல்லும் விடையிலிருந்தே நம் வழி தொடங்கட்டும்.