உருகும் பனிக்கு வேலி போட முடியுமா?

கனடாவின் வட கோடியில், எல்ஸ்மியர் தீவுக்கு வடமேற்கே, இலங்கையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பரப்புள்ள ஆர்க்டிக் கடற்பகுதி ஒன்று உள்ளது. பெயர் துவைஜுயிட்டுக். இனுயிட் மக்களின் மொழியில் 'பனி ஒருபோதும் உருகாத இடம்' என்று பொருள்.

2019இல் கனடா இதனைத் தற்காலிகப் பாதுகாக்கப்பட்ட கடற்பிரதேசமாக அறிவித்தது. 2024இல் அது புதுப்பிக்கப்பட்டது. இனுயிட் மக்களின் வேட்டை உரிமைக்குத் தடையில்லை. நிரந்தரப் பாதுகாப்பு வழங்குவதாயின், ஆபத்துகளை முதலில் எடைபோட வேண்டும்.

அதற்குக் கேள்விகள் இரண்டு. ஆபத்து நேரும் வாய்ப்பு எவ்வளவு? நேர்ந்தால் பாதிப்பு எவ்வளவு?

எண்ணெய்க் கசிவை எடுத்துக்கொள்வோம். இன்று அங்கு கப்பல்கள் மிகக் குறைவு. எனவே வாய்ப்பும் குறைவு. ஆனால் பனிக்கடியில் சிக்கும் எண்ணெயை அகற்றுவது மிகக் கடினம். கடுங்குளிரில் அது சிதைவதும் தாமதமாகும். பனியின் அடியில் வளரும் பாசியில்தான் அங்கு உணவுச் சங்கிலி தொடங்குகிறது. சிற்றுயிர்கள், கொட் மீன், கடல்நாய், துருவக் கரடி என்று அது நீள்கிறது. அடி அறுந்தால் நுனியும் வாடும். ஆகவே, வாய்ப்புக் குறைவு என்பதற்காக ஆபத்தும் குறைவு என்று சொல்லிவிட முடியாது.

மிகப் பெரிய ஆபத்தோ புவி வெப்பமடைதல். கப்பலையும் எண்ணெய்க் கிணற்றையும் சட்டத்தால் தடுக்கலாம். வெப்பத்தைத் தடுக்க முடியாது. அதன் காரணம் உலகெங்கும் எழும் புகையில் இருக்கிறது.

அப்படியானால் பாதுகாப்பு வீணா? இல்லை. நோயாளியின் காய்ச்சலை உடனே தணிக்க முடியாவிட்டாலும், அவர்மீது இன்னொரு அடி விழாமல் காக்கலாம் அல்லவா?